பெரியவரின் கால்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. முதலில் என் கணவரின் அண்ணாவுக்கு, ஏழெட்டு வருஷம் கழித்து என் கணவருக்கு. அண்ணாவை வீட்டில் எல்லோரும் பெரியவர் என்போம். கணவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எழுதும்போது மட்டும் எதற்குப் புது வழக்கம்? ‘இவர்’ என்றே எழுதுகிறேன். பெரியவரின் மனைவி இவருக்கு மன்னி. நானும் மன்னி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இந்த நாலு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். குழந்தைகள் இருந்தார்கள், ஆனால் இதில் அவர்களுக்கு வேலை இல்லை.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி வீடு. கீழே ஆபீஸ், மேலே நாங்கள். சகோதரர்கள் இருவருக்கும் மிளகு, சுக்குத் தரகு. விற்பவனையும் தெரியும், வாங்குபவனையும் தெரியும், நடுவில் நின்று பேசி முடித்துவைப்பது. அதில் பெரியவர் நடப்பார், இவர் டெலிபோன் பக்கத்தில் உட்காருவார். காலையில் சட்டைப் பையில் சாம்பிள் பொட்டலங்களைப் போட்டுக்கொண்டு இறங்கினால், ஒவ்வொரு கோடவுனாக ஏறி இறங்கிக் கொச்சங்காடி வரை போய்விட்டுத்தான் பெரியவர் சாப்பாட்டுக்கு வருவார். எங்களைப் போன்ற தமிழ்க்காரர்களை இங்கே பட்டர் என்பார்கள். ‘பட்டரின் நடத்தம்’ என்று பஜாரில் அவர் நடைக்கே ஒரு பெயர் இருந்தது.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் அந்த நடை நின்றது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். எர்ணாகுளத்து டாக்டர் பார்த்துவிட்டு மதராஸுக்குப் போகச் சொன்னார். மதராஸில் படம் எடுத்து, மூன்று இடத்தில் அடைப்பு என்றார்கள். அப்போது வழக்கம் என்னவென்றால், காலில் இருக்கிற ரத்தக்குழாயை எடுத்து, நெஞ்சில் அடைப்பைத் தாண்டிப் பாலம் மாதிரி தைத்துவிடுவார்கள். பெரியவருக்கு இடது காலிலிருந்து எடுத்து மூன்று பாலம் போட்டார்கள். அன்றைக்கு இருந்ததில் நல்ல வைத்தியம் அது. செய்த டாக்டர்மேல் எனக்கு அன்றும் புகார் இல்லை, இன்றும் இல்லை.

கூடப் போயிருந்த இவர் ஹார்பர் ஸ்டேஷனில் மதராஸ் மெயிலிலிருந்து அவரை இறக்கியபோது நாங்கள் எல்லோரும் நெஞ்சைத்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தோம். நெஞ்சு சட்டைக்குள் இருந்தது. கண்ணில் பட்டது கால். கணுக்காலிலிருந்து தொடை வரை நீளத் தையல், அதன் இரண்டு பக்கமும் கருநீலம், கீழே பாதம் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. மன்னி அங்கேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. விசாரிக்க வந்தவர்கள் யாரும் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கேட்கமாட்டார்கள். வேட்டியைக் கொஞ்சம் தூக்கினால் கால் தெரியும். மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் அந்தக் காலைப் பார்த்தார்கள். பெரியவரும் ஒரு பெருமையோடு காட்டுவார். கணுக்காலுக்கு மேலே ஒரு இடத்தில் தொட்டாலே தெரியவில்லை, மரத்துப்போயிருந்தது. வருகிறவர்களை அங்கே கிள்ளிப் பார்க்கச் சொல்லுவார்.

“நெஞ்சுக்கு வேணுங்கறது கெடச்சாச்சு. குடுத்தது காலாக்கும். காலுன்னா பாவம்,” என்று மன்னி சொன்னாள்.

அது சரி என்றுதான் எல்லோருக்கும் பட்டது. நெஞ்சுக்குப் புதுக் குழாய் வந்தாயிற்று, அந்தக் கதை முடிந்தது. நஷ்டப்பட்டது கால். நஷ்டப்பட்டவனைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்? ஆலுவாவிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். அவரிடம் நாங்கள் காலைக் காட்டினோம், அவர் காலுக்குத் தைலம் சொன்னார். காட்டியதற்குத்தானே மருந்து சொல்லுவார்கள். இடக்கொச்சியிலிருந்து உழிச்சல்காரர் ஒருவர், அதாவது எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவர், வந்து போனார். மன்னி காலுக்குப் பலம் என்று உளுந்தங்களி கிண்டினாள், நல்லெண்ணெய் ஊற்றி, வெல்லம் போட்டு, நெய்யும் விட்டு. வாரத்தில் பாதி நாள் களிதான். மதராஸில் எண்ணெயும் நெய்யும் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அது நெஞ்சுக்குச் சொன்னது, இது காலுக்கு என்பது மன்னியின் கட்சி. நான் பக்கத்தில் நின்று உளுந்து அரைத்துக் கொடுத்தேன்.

முக்கியமாக, நடக்கவேண்டாம் என்று முடிவாயிற்று. ஒரு குழாய் போன காலை வைத்துக்கொண்டு எதற்கு நடப்பது? பெரியவர் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு கொச்சங்காடிக்கு நடந்தார். முதலில் இவருக்கு அது பிடிக்கவில்லை. போகப் போகப் பழகிவிட்டது.

வருஷங்கள் போயின. பெரியவர் நன்றாகத்தான் இருந்தார். கோவிலுக்கு, கல்யாணத்துக்கு, போட் ஜெட்டிக்கு என்று லேசாக நொண்டிக்கொண்டு கொஞ்சம் நடப்பார். பிறகு அந்தக் கொஞ்சத்திலும் நடுவில் நிற்க ஆரம்பித்தார். ஒரு கடை வாசலில் நின்று விலை கேட்பார், அடுத்த கடையில் நின்று குசலம் விசாரிப்பார். ‘பட்டருக்கு வயசானதும் வர்த்தமானம் கூடிப்போச்சு’ என்று, பேச்சு அதிகமாகிவிட்டதாகக் கேலி செய்தார்கள். வீட்டில் நாங்கள் அதைக் கால் என்றோம். கால் ஓய்கிறது. தைலத்தை மாற்று. வைத்தியரும் தைலத்தை மாற்றினார்.

எண்பதுகளின் நடுவில் இவருக்கும் வந்தது. குடும்பச் சொத்தில் பாகம் கேட்காமலே வந்து சேருவது இது ஒன்றுதான். மறுபடி எர்ணாகுளம், மறுபடி மதராஸ். நானும் பெரியவரும் இவரோடு போனோம். பெரியவர் வராமல் இந்த வீட்டில் எந்தக் காரியமும் நடக்காது. மன்னி குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

பழைய டாக்டர் இல்லை, வேறு ஒருவர், இளவயது. படத்தைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் ஓடும் பெரிய குழாயில் அடைப்பு, அதற்கு ஒரு பாலம் போட்டால் போதும், காலைத் தொடவேண்டாம், நெஞ்சுக்குள்ளேயே ஒரு குழாய் இருக்கிறது, அதைத் திருப்பிவிடலாம் என்றார். எனக்குக் காலைத் தொடவேண்டாம் என்றது நிம்மதியாக இருந்தது. பெரியவருக்கு முகம் மாறிவிட்டது.

“எனக்கு மூணு வெச்சா டாக்டர். கால்லேர்ந்து எடுத்து வெச்சா. இவனுக்கு ஒண்ணே ஒண்ணுன்னா எப்படி? அதுவும் நெஞ்சுல இருக்கறத எடுத்து நெஞ்சுலயே வெக்கறதுன்னா, ஒரு சாக்குலேர்ந்து எடுத்து அதே சாக்குல போடறாப்ல ஆக்கும். கொறச்சலாப் பண்ணவேண்டாம். எனக்குப் பண்ணினதத்தான் அவனுக்கும் பண்ணணும்.”

இவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி எடுத்தாலும் செருப்பு எடுத்தாலும் இருவருக்கும் ஒரே தினுசில் எடுப்பவர் பெரியவர். தம்பிக்குக் குறைந்த சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “சார், இது கொறச்சல் இல்ல. கால்ல இருக்கிற குழாய்ல ரத்தம் மெதுவாப் போகும். அதை எடுத்து நெஞ்சுல வெச்சா, அங்க அடிச்சுக்கிட்டு ஓடற ரத்தம். அதுக்கு அந்த வேகம் பழக்கமில்ல. கொஞ்ச வருஷம் தாங்கும், அப்பறம் உள்ள தடிச்சுக்கிட்டே வந்து அடைச்சுக்கும். நெஞ்சுல இருக்கிறது பொறந்ததிலேர்ந்தே அந்த அடி வாங்கிப் பழகினது. அது லேசுல கெடாது. இதெல்லாம் நாங்களே இத்தனை வருஷம் பேஷன்ட்டுங்களைப் பாத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம்,” என்றார்.

பிறகுதான் அவருக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று உறைத்தது. “உங்களுக்கு எப்ப பண்ணினாங்க?” என்று கேட்டார்.

பெரியவர் சொன்னார்.

“நடக்கும்போது எதாவது சிரமம் இருக்கா?”

“காலாக்கும்,” என்றார் பெரியவர். “கொஞ்சம் நடந்தா ஓஞ்சு போறது. நின்னு, நின்னு போணும்.”

“நிக்கறப்போ கால் வலிக்குதா, இல்ல நெஞ்சு கனக்குதா?”

பெரியவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கூடப் பிறந்தவர் கேட்கவில்லை, களி கிண்டியவளும் கேட்கவில்லை. கடைசியில் பெரியவர், “நிக்கறப்போ கால் வலிச்சதில்லை,” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

தம்பி காரியம் முடிந்ததும் நீங்கள் ஒரு டெஸ்ட் செய்துகொள்ளுங்கள், ஓடுகிற பட்டை மேல் வேகமாக நடக்கவேண்டும், அதைப் பார்த்துவிட்டுப் படம் எடுப்போம், கால் குழாய்கள் அடைத்திருந்தால் உங்களுக்கும் நெஞ்சுக் குழாயை வைத்து இன்னொரு ஆபரேஷன் செய்ய இடமிருக்கிறது, முதல் தடவையைவிடக் கஷ்டம், ஆனால் முடியும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். இதை என் காதால் கேட்டேன்.

இவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பெரியவர் அந்த டெஸ்ட் நடக்கும் அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாரோ ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டை மேல் நடந்துகொண்டிருந்தாராம். பட்டை வேகமாக ஓட ஓட, அவர் தடுமாறி, நர்ஸ் பிடித்துக்கொண்டாளாம். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “இந்தக் காலோட அதுல ஏறினா எல்லாரும் சிரிப்பா. முதல்ல காலச் சரியாக்கிண்டு வரேன். கர்க்கிடகத்துல நன்னா உழிச்சல் பண்ணிண்டா மதி, அது போதும். ஓணம் கழிச்சு வந்து அந்த மெஷின்ல ஏறிக் காட்டறேன்.”

ஆடி மாதத்தை இங்கே கர்க்கிடகம் என்பார்கள். அடைமழை மாதம். உடம்புக்கு எண்ணெய் வைத்தியம் செய்துகொள்ள அதைப் போலக் காலம் இல்லை என்பது இந்த ஊர் நம்பிக்கை. எங்களுக்கும் அதே நம்பிக்கைதான். இன்றைக்குக் கேட்டால் பைத்தியக்காரத்தனம். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகவே பட்டது. நடந்து காட்ட வேண்டிய டெஸ்டுக்குக் கால் வேண்டாமா? கட்டிலில் படுத்தபடி இவர் மட்டும், “இப்பவே பண்ணிண்டு போலாமே அண்ணா,” என்றார். “நீ முதல்ல சுகமாகு,” என்றார் பெரியவர். அண்ணாவிடம் ஒன்றை இரண்டாவது தடவை சொல்லும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் கிடையாது.

ஊருக்கு வந்ததும் இவர் யாரும் பிடிக்காமல் மாடி ஏறினார். விசாரிக்க வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம், காட்டக் கால் இல்லை. “அப்போ பெரிய ஆபரேஷன் ஒண்ணும் இல்லியா?” என்றார் ஒருவர். மன்னி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒண்ணுதான் வெச்சாளாமே, பாவம். சாரமில்லை, போனாப் போறது, நம்ம பாத்துக்கலாம்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எனக்காக இரக்கப்பட்டாள்.

பெரியவர் மன்னியிடம், மதராஸில் ஒரு டெஸ்ட் சொல்லியிருக்கிறார்கள், கால் பலமாக இருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். அதில் பொய் இல்லை. மன்னிக்கு அது போதும். கர்க்கிடகம் ஒன்றாம் தேதியே உழிச்சல்காரர் வந்துவிட்டார். கீழே ஆபீஸுக்குப் பின்னால் இருந்த அறையில் பலகையைப் போட்டு, காலை நீட்டிப் படுக்கவைத்து, தைலத்தைச் சூடாக்கித் தேய்த்தார். வெளியே மழை, உள்ளே தைல வாடை, அடுப்பில் மருந்துக்கஞ்சி. பகல் பூராவும் அந்த வாடை மாடிக்கு ஏறிவந்து சோற்றில்கூட மணத்தது.

கால் தேறியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வீக்கம் வடிந்து, தோல் மினுமினுவென்று ஆகி, கணுக்கால் எலும்பு பல வருஷத்துக்குப் பிறகு கண்ணுக்குத் தெரிந்தது. பெரியவர் சாயங்காலம் ஆபீஸில் நீளவாக்கில் நடந்து பழகினார். மெஷினுக்கு ஒத்திகை. நாலு தடவை போய்வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மன்னி படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். “இன்னிக்கு நொண்டல் இல்லை,” என்பாள். நானும் பார்த்தேன். மேஜையைப் பிடித்த அவர் கையைப் பார்த்தேன், நகம் வெளுத்திருந்தது. மதராஸில் டாக்டர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ஓணத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

கர்க்கிடகம் முடிகிற வாரத்தில் ஒரு நாள் காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. பெரியவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இவர் பையிலிருந்த சாம்பிள் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “இன்னிக்கு நான் போறேன். நீ இரு,” என்றார். மன்னிக்கு வாயெல்லாம் பல். ஜன்னலிலிருந்து சந்து முனை வரைக்கும் அவரைப் பார்த்தோம். சாய்வே இல்லாத நடை. பஜாரில் எல்லோரும் கடையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்களாம். யாரிடமும் நிற்கவில்லையாம்.

கொச்சங்காடி கோடவுன் காவல்காரர்தான் பிறகு வந்து சொன்னார். “சாமி நல்ல நடத்தமாயிருந்து. ஒரு எடத்தும் நின்னில்ல. வந்து சாக்குமேல உக்காந்து, ‘காலு சரியாயி, கண்டோ?’ன்னு காலக் காட்டிச்சு. நான் சாயா எடுக்கான் போயி. திரிச்சு வரும்போ…” அவர் சாயாவோடு திரும்பி வந்தபோது பெரியவர் சாக்கிலேயே சாய்ந்து போய்விட்டிருந்தாராம்.

மிளகு வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டுவதற்காகக் கிடத்தியபோது இடது கால் மட்டும் பளபளவென்று இருந்தது. தண்ணீர் அதில் ஒட்டவில்லை, தைலம் அவ்வளவு ஊறியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் காலைப் பார்த்துத்தான் வந்தது. நல்லபடியாக இருந்து எல்லோரையும் ஏமாற்றிவிட்டது என்று. செத்தவரின் காலோடு யாராவது சண்டை போடுவார்களா? அதன் பிறகு கோபமும் போய்விட்டது. பதின்மூன்று நாளும் வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், பாத்திரம் எண்ணி வைத்தேன், பம்பாயிலிருந்து வந்த மன்னியின் பெண்ணுக்குப் படுக்கை போட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. யாராவது கிள்ளினாலும் தெரிந்திருக்காது.

இவர் ஒருமுறை மட்டும், “முதல்ல எனக்கு வந்திருந்தா எனக்குக் கால்லேர்ந்து எடுத்திருப்பா. அண்ணாக்கு நெஞ்சுலேர்ந்து எடுத்திருப்பா,” என்றார். எனக்கு என் புருஷன் பிழைத்திருந்ததில் சந்தோஷம் இருந்தது. மன்னி இருந்த வீட்டில் அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

ஓணம் சத்தமில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள் மன்னியும் நானும் சமையலறையில் இருந்தோம். மன்னி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் குளித்துவிட்டு இவர் ஈரத்துண்டோடு உள்ளே வந்து, எங்களைத் தாண்டிப் போனார். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஒரே கோடு. மன்னி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கால்ல தொடவே இல்லையோ இவனுக்கு?” என்று கேட்டாள்.

“இல்லை மன்னி.”

“நெஞ்சுக்குள்ளேர்ந்தேதான் எடுத்தாளா?”

“ஆமாம். எலும்புக்குப் பின்னாடி கீழ எறங்கறதாம். அதத் திருப்பி வெச்சுட்டா.”

“எல்லாருக்கும் உண்டோ அது?”

“எல்லாருக்கும் உண்டாம்.”

துருவுவதை நிறுத்தினாள். “அப்போ அவருக்கும் இருந்திருக்குமே.”

“இருந்தது மன்னி.”

“ஏதாவது கேடு வந்திருக்குமோ அதுல?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. “அது லேசுல கெடாதாம். டாக்டர் சொன்னார். நன்னாத்தான் இருந்திருக்கும்.”

மன்னி மூடியைத் திருப்பி மிச்சத்தையும் துருவினாள். ஓடு தெரிகிற வரைக்கும் துருவினாள். அவளுக்கும் கண்ணில் ஒன்றும் இல்லை.

“அப்போ, நன்னா இருந்ததையும் சேத்துத்தான் கொண்டுபோய் எரிச்சிருக்கோம்,” என்றாள்.

வேட்டி மாற்றிக்கொண்டு இவர் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் எழுந்திருக்கப் போனேன். மன்னி என்னைக் கையால் அமர்த்திவிட்டு, தானே எழுந்து இவருக்குச் சாதம் போட்டாள்.